அந்தக் கருப்பு எங்கே போச்சு

அலுமினியப் பாத்திரத்தைக் கண்டால் பாம்பைக் கண்டது போலத் துள்ளுகிற என் வயதுத் தோழிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காலையில் அணைப் பூங்காவைச் சுற்றி நடக்கிறோம். வேர்வை காய்வதற்குள் செல்போனைத் திறந்து, 'அலுமினியத்தில் சமைத்தால் மூளை கரைந்துவிடும்' என்று யாரோ எழுதியதை எல்லோருக்கும் தள்ளிவிடுகிறீர்கள். கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுகின்றன. நான் மட்டும் எதுவும் போடுவதில்லை. டெலிபோன் எக்சேஞ்சில் காலமெல்லாம் ஊரார் பேச்சைக் கேட்டு அலுத்துப் போனவள், அதனால் சும்மா இருக்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். காரணம் அதில்லை. நான் வாயைத் திறந்தால் எங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகிற ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும்.

என் தங்கையை உங்களுக்குத் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பவள். போகிற பஸ்ஸுக்கெல்லாம் டாட்டா காட்டுவாள். அறுபதை நெருங்கிவிட்டாள், எங்களுக்கு இன்னும் பாப்பாதான். வலது கை மணிக்கட்டோடு தொங்கிக் கிடக்கும், ரவிக்கைக் கொக்கியை நான்தான் மாட்டிவிட வேண்டும். 'சின்ன வயசுல அலுமினியத்துல தின்னு தின்னு இப்படி ஆயிருச்சாம்' என்று நீங்கள் எனக்குப் பின்னால் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். உங்களைக் குறை சொல்லி என்ன? அந்தக் கதை கிளம்பியதே எங்கள் வீட்டிலிருந்துதான். கிளப்பிவிட்டவளும் வேறு யாரும் இல்லை, பெற்ற தாய்தான்.

அணையில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்ட ஒரு கோடை. பண்ணவாடிப் பக்கம், அணை கட்டியபோது முழுகிப்போன பழைய கோயிலின் நந்தி முழுசாக வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. ஊர் ஊராகக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வெடித்த சேற்றின் வாசம் எங்கள் வீடு வரைக்கும் வரும். குழாயில் வந்த தண்ணீர் கலங்கலாக இருக்கும், அத்தை படிகாரக் கட்டியை எடுத்துக் குடத்துக்குள் நாலு சுற்றுச் சுற்றித் தெளியவைப்பாள். நீர் சுருங்கினால் மீன் ஒரே இடத்தில் கூடும். மீன்பிடிக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். அவர்களுக்குக் கொண்டாட்டம் என்றால் எங்கள் அப்பாவுக்கும் வேலை.

அப்பாவுக்குச் சம்பளம் அணையில், மதகு ஏற்றி இறக்குகிற இடத்தில். சாயந்திரமானால் ஈயக்குண்டு வார்ப்பார். வலை தண்ணீரில் கீழே இறங்கி நிற்க வேண்டுமென்றால் அதன் ஓரம் நெடுக ஈயக்குண்டு கோக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மூன்று கல் கூட்டிய அடுப்பு, அதன்மேல் ஒரு சின்ன இரும்புச் சட்டி. சங்ககிரி லாரிப் பட்டறைகளில் கழித்துப் போடுகிற பேட்டரிகளின் தகடுகளைச் சாக்கில் கட்டி பஸ் மேலே போட்டுக் கொண்டுவருவார். சட்டியில் அவை முதலில் சாம்பல் கட்டியாகக் கிடக்கும். ஓரம் கசியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தமும் இளகிப் பளபளவென்று முகம் தெரியும். மேலே படிகிற கசடை அகப்பையால் வழித்து மரத்தடியில் தட்டுவார். களிமண் அச்சில் ஊற்றி நடுவில் குடைக்கம்பியைச் சொருகி, ஆறியதும் உருவினால் ஓட்டையோடு ஒரு குண்டு.

அந்தக் குண்டுகளைப் பொறுக்கி எடுப்பது பாப்பாவின் வேலை. அப்போது அவளுக்கு நாலு வயது இருக்கும். வாய் ஓயாது. பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களை நான் ஒருமுறை படித்துச் சொன்னால் போதும், மறுநாள் அதே பஸ் வரும்போது அவளே கத்துவாள். குண்டுகளை நூலில் கோத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வாள். ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு கன்னம் உப்பத் திரிவாள்.

"துப்பு சாமி, முழுங்கிப் போடுவே" என்று அம்மா விரலை விட்டு எடுப்பாள்.

"இனிக்குதும்மா" என்பாள் பாப்பா.

முழுங்கிவிடுவாளே என்பதுதான் அம்மாவின் பயம். வேறு பயம் எங்கள் யாருக்கும் இல்லை.

எங்கள் வீட்டில் ராஜ்ஜியம் அத்தையுடையது. அப்பாவுக்கு அக்கா. சின்ன வயதிலேயே தாலி அறுத்து, சீராகக் கொண்டுபோன பித்தளைப் பாத்திரங்களோடு தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அந்தப் பித்தளையைப் போலவே கனத்த மனுஷி. என் அம்மாவுக்கு வந்த சீரோ அலுமினியம். அம்மாவைப் பெற்ற அப்புச்சி இந்த ஊர் அலுமினியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். பெரிய குண்டா ஒன்று, தவலை, வடிதட்டு, தூக்குப்போசி, வட்டல்கள் என்று மகளுக்கு வெள்ளை வெளேரென்று வாங்கி அடுக்கிவிட்டார். கல்யாண வீட்டிலேயே அத்தை ஆரம்பித்துவிட்டாளாம்.

"சீரு வந்திருக்குது பாருங்க, ஊதுனாப் பறந்து போயிரும்."

அம்மா ஒல்லியான உடம்புக்காரி. பித்தளைத் தவலையை இறக்கினால் அவள் இடுப்பு இறங்கிப் போகும். தன் அலுமினியத்தை ஒற்றைக் கையால் தூக்கிக் கவிழ்ப்பாள். தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, வெயிலில் வரிசையாகக் காயவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் அப்படி எதையாவது பார்த்துப் பெருமையாக நின்றதை அந்தக் கோடைக்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

பாப்பாவுக்கு முதலில் வயிற்று வலி வந்தது. முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு சுருண்டு படுத்துக்கொள்வாள். நாள்கணக்கில் வெளிக்குப் போகமாட்டாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். முகமெல்லாம் வெளுத்துச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. பஸ் வந்தாலும் எழுந்து வாசலுக்கு ஓடுவதில்லை. ஒருநாள் பல் தேய்த்துவிடும்போது அம்மா அவள் கீழ் உதட்டை இழுத்துப் பார்த்தாள். பல்லுக்கு அடியில் ஈறு ஓரமாகக் கருநீலமாக ஒரு கோடு.

"நாவப்பழம் தின்னயா கண்ணு?" என்றாள். பிறகு அவளே, "நாவப்பழத்துக்கு இன்னும் நாளு இருக்குதே" என்று சொல்லிக்கொண்டு உப்பை வைத்துத் தேய்த்தாள். கோடு போகவில்லை. அதற்குமேல் யாரும் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

ஒரு மத்தியானம் அத்தை எங்கள் எல்லோரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். அப்பாவும் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா கழுவுவதற்காகப் போட்டிருந்த அலுமினியக் குண்டாவை அத்தை கையில் எடுத்து வெயிலில் சாய்த்துப் பிடித்தாள்.

"நேத்துச் சுடுதண்ணி காச்சினப்ப இதுக்குள்ள கருப்பாப் படிஞ்சிருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சுங்க அண்ணி" என்றாள் அம்மா.

"இன்னைக்கு இதுல என்ன ஆக்குனே?"

"புளிக்கொழம்புங்க."

"இப்ப உள்ள பாரு. கருப்பு இருக்குதா?"

குண்டாவின் உட்புறம் புதுசு மாதிரி மின்னியது. அம்மா குனிந்து பார்த்தாள். "இல்லீங்க."

"நீ தேச்சியா?"

"இனிமேத்தானுங்க தேக்கோணும்."

"அப்பறம் அந்தக் கருப்பு எங்க போச்சு?"

அத்தை பாப்பாவைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் பாப்பாவைப் பார்த்தோம். அவள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை இன்னொரு கையால் அமுக்கிக்கொண்டு நின்றாள். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் உங்களில் எத்தனை பேர் பதில் சொல்வீர்கள்? வக்கீல் தோற்றான் போங்கள், அத்தை அப்படி மடக்கிவிட்டாள்.

"எங்கப்பன் ஊட்ல எல்லாரும் இதுலதானுங்களே தின்னு வளந்தோம்" என்றாள் அம்மா, குரல் எழும்பாமல்.

"அதான் உம்பட புத்தி இந்த அழகுல இருக்குது."

அப்பா குண்டாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மனைவியை ஒருநாளும் அதட்டிப் பேசியதில்லை. தங்கமான மனுசன் என்று ஊரில் பெயர். "அக்கா சொல்றதுலயும் நாயம் இருக்குது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார்.

அன்றோடு அம்மாவின் சீர் வீட்டை விட்டுப் போயிற்று. பழைய பாத்திரக்காரன் தராசைத் தூக்கிப் பிடித்தபோது அம்மா அடுப்படியிலேயே இருந்துகொண்டாள். பெரிய குண்டா மட்டும் எருமைக்குத் தண்ணீர் காட்டுவதற்கு ஆகுமென்று தப்பியது.

அப்புறம்தான் உள்ளூர் டாக்டரிடம் காட்டினார்கள். அவர் பாப்பாவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லை என்றார். ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அத்தை விடுவாளா? அலுமினியத்தின் கதை முழுவதையும் அவரிடம் ஒப்பித்தாள். வெளியே இன்னும் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவரும் தலையை ஆட்டிவிட்டு, "இரும்புச் சட்டில செஞ்சு குடுங்க, ரத்தம் ஊறும்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எங்கள் வீட்டில் இருந்த இரும்புச் சட்டி ஒன்றே ஒன்றுதான்.

"அதுல அவரு ஈயங்காச்சறாருங்களே அண்ணி" என்று அம்மா தயங்கினாள். அம்மா சொன்னாள் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"நெருப்புல வெந்து வெந்து கெடக்கற சட்டிக்கு என்னடி தீட்டு? சாம்பலும் புளியும் போட்டுத் தேச்சாப் போச்சு. பாப்பாவுக்கு மட்டும் அளவா ஆக்கறதுக்கு அதான் சரியா இருக்கும்."

அப்பாவே அதைச் செங்கல் பொடி போட்டு உரசி, ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவிக் கொடுத்தார். தன் வேலைக்கு அணையில் கழித்துப் போட்ட, மண் அள்ளுகிற இரும்புப் பாண்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். எங்களுக்கெல்லாம் அத்தையின் பித்தளையில் சமையல். பாப்பாவுக்கு மட்டும் அந்தச் சட்டியில் தனியாக. வாய்க்குப் பிடிக்கட்டுமென்று அம்மா நல்லெண்ணெய் ஊற்றி, கெட்டியாகப் புளி கரைத்து, சுண்டக்காய் போட்டு வற்றவைப்பாள். தெரு முனை வரைக்கும் மணக்கும். எனக்கு ஒரு வாய் தரமாட்டாள். "அவளுக்கு ரத்தம் ஊறோணும், நீ கேக்காத கண்ணு" என்பாள். பாப்பா சுருண்டு படுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வாள். அம்மா மடியில் தூக்கி வைத்து, பஸ் கதை, நந்தி கதை எல்லாம் சொல்லி, உருண்டை உருண்டையாக உருட்டி ஊட்டுவாள். சட்டியில் ஒட்டியதையும் வழித்து ஊட்டுவாள்.

ஆடி பிறக்கும்போது பாப்பாவின் வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போயிற்று. தம்ளரைப் பிடித்தால் நழுவியது. பேச்சு குழறியது. ஒருநாள் காலை அம்மா அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோதே கண் மேலே சொருகி, பல் கிட்டி, உடம்பு வில்லாக வளைந்தது. அத்தை ஓடிப்போய் அவள் கையில் சாவிக் கொத்தைத் திணித்தாள். வலிப்பு நிற்கவில்லை. ரோட்டில் போன லாரியை மறித்து, அம்மா பாப்பாவை மடியில் போட்டுக்கொள்ள, அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டார். சேலம் வரைக்கும் அம்மா சொல்லிக்கொண்டே வந்தது ஒன்றுதான்: "எம்பட பாத்திரமுங்க, எம்பட பாத்திரமுங்க."

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்ட ஒரு வயதான டாக்டர் பார்த்தார். மரக்குச்சியால் பாப்பாவின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. அப்பாவை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நானும் அம்மாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்பா வெளியே வந்தபோது சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

"ஏனுங்க, என்ன சொன்னாருங்க?"

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "சத்துக் கொறவாம்" என்றார். "வேறொண்ணுஞ் சொல்லலே."

"பாத்திரத்தைப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவ்வளவுதான். அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

உயிர் பிழைத்தது. பாப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஊர்ப் பெயர் எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. என் பெயரே ஞாபகம் வரவில்லை. கொண்டுவந்த அன்று மத்தியானமே அப்பா வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் குழி வெட்ட ஆரம்பித்தார். இரும்புச் சட்டி, பாண்டு, அகப்பை, அச்சு, வார்த்து வைத்த குண்டுகள், பாப்பாவின் மாலை எல்லாவற்றையும் அதில் போட்டார். கசடு கொட்டிய மண்ணையும் சுரண்டிச் சுரண்டி அள்ளிப் போட்டார்.

"பாவம், புள்ளை இப்படி ஆனதுல அவனுக்கு மனசு உட்டுப் போச்சு" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள்.

அம்மா மட்டும் குழிக்குப் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தாள். "நீங்க ஏனுங்க உங்க தொழிலை உடறீங்க? உங்க தொழில் என்னங்க பண்ணுச்சு? எம்பட பாத்திரம் பண்ணுன பாவத்துக்கு நீங்க எதுக்குங்க..."

அப்பா அவள் கையை விலக்கிவிட்டு மண்ணைத் தள்ளினார். அவர் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அதைத் துக்கம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அம்மா வாழ்ந்ததை வாழ்க்கை என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக்கு யார் ஒறம்பரை வந்தாலும் அவளே பாப்பாவைக் கூட்டிவந்து உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லுவாள். புதுசாகக் கல்யாணமான பெண் என்றால் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுவாள். "நானே எம்மகளைக் கெடுத்தேன். நீங்க அதை ஊட்டுக்குள்ள சேத்தாதீங்க." அப்போதெல்லாம் அப்பா பக்கத்தில் கட்டிலில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா குண்டாவும் புளிக்குழம்பும் வருகிற இடத்துக்கு வந்ததும் எழுந்து எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். எருமை அந்தக் குண்டாவில் முகத்தை விட்டு உறிஞ்சும். வருஷம் தவறாமல் கன்று போட்டது, பால் பீச்சியது, வயதாகித்தான் செத்தது. அதை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

அப்பா பாப்பாவைக் கீழே விட்டதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வளர்ந்த பெண்ணை முதுகில் தூக்கிக்கொண்டு பஸ் காட்டப் போவார். அதைப் பார்த்துத்தான் ஊர் அவரைக் கும்பிட்டது. அவர் போனபோது வந்த கூட்டம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

அம்மா அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தண்ணீரும் இறங்காத நாளில், ஒருவாய் இட்லியாவது தின்னட்டுமே என்று கடையிலிருந்து வாங்கிவந்தேன். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய பொட்டலம். பிரிக்கும்போது அது சரசரவென்று மின்னியது. அம்மாவுக்கு எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ, என் கையைத் தட்டிவிட்டாள்.

"அதுல வேண்டாஞ் சாமி. பாப்பாவுக்குக் குடுத்துப்போடாத."

அதுதான் அவள் கடைசியாகத் தெளிவாகப் பேசியது.

அம்மா போன மறு வருஷம் பாப்பாவுக்குத் திரும்ப வலிப்பு வந்தது. சேலத்தில் நரம்பு டாக்டர் ஒரு சின்னப் பெண், என் மகள் வயதுதான். சின்ன வயதில் எப்படி ஆரம்பித்தது என்று கேட்டாள். நான் வழக்கம் போல அலுமினியத்திலிருந்து ஆரம்பித்தேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அலுமினியப் பாத்திரமாங்க? நல்லா இருக்கற சிறுநீரகம் அதை வெளியே தள்ளிருமுங்க. சிறுநீரகம் கெட்டவங்களுக்குத்தான் தொந்தரவு. உங்க குண்டா கருத்ததும் வெளுத்ததும் ஒரு விசயமே இல்ல. தண்ணி தெளிய வெக்கற படிகாரத்துலகூட அலுமினியம் இருக்குது. கை தொங்கிப் போச்சுன்னு சொன்னீங்களே, வயித்து வலி இருந்துச்சா? மலச்சிக்கல்? ஈறுல நீலமா ஏதாச்சும் பாத்த ஞாபகம் இருக்குதுங்களா?"

எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஊட்ல யாராச்சும் பேட்டரி உருக்கினாங்களா?"

நான் சொன்னேன். மரத்தடி, குண்டு, மாலை, இரும்புச் சட்டி, அதில் வற்றவைத்த புளிக்குழம்பு, எல்லாம் சொன்னேன். சட்டி என்று சொன்னபோது அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை காலத்துக்குப் பிறகு எந்த ரத்தப் பரிசோதனையிலும் அது தெரியாது, உறுதி என்று எழுதித் தர முடியாது, ஆனாலும் கேட்கிற கதை முழுக்கப் பேட்டரியில் இருக்கிற காரீயத்தின் கதைதான், சட்டியில் படிந்திருந்ததைப் புளி கரைத்துச் சோற்றில் இறக்கியிருக்கும் என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். "அந்தக் காலத்து டாக்டர்களுக்கும் இது நல்லாத் தெரியுமுங்க. ஈறைப் பாத்திருந்தா அப்பவே கேட்டிருப்பாங்களே" என்றாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே வருகிற வண்டிக்கெல்லாம் கையை ஆட்டிக்கொண்டு வந்தாள். நான் அந்தச் சாத்திய கதவையும், நனைந்த சட்டையையும், மத்தியான வெயிலில் அப்பா மண் தள்ளியதையும் பார்த்துக்கொண்டு வந்தேன். அவருக்குத் தெரியும். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோதே தெரியும். தெரிந்துகொண்டுதான், தன் கையைப் பிடித்து அழுத பெண்ணிடம், 'நீ இல்ல, நான்' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அத்தனை வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அறியாமல் செய்ததை நான் மன்னித்துவிட்டேன். அந்தச் சட்டியில் ஊட்டியது அம்மாவின் கைதான், அவளும் அறியாதவள்தான். அறிந்த பிறகு வாயை மூடிக்கொண்டதை எப்படி மன்னிப்பது? எனக்குத் தெரியவில்லை. தினம் காலையில் அவர் படத்துக்குப் பூ வைக்கிறேன். வைக்கும்போது கை எரிகிறது. சொல்லி ஆறுதல் தேடலாமென்றால் அம்மா இல்லை. ஒரே ஒரு வருஷம். அந்த டாக்டரை ஒரு வருஷம் முன்னால் பார்த்திருக்கக் கூடாதா?

போன வாரம் அம்மாவின் திதி. மகள் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தாள். எருமை போன பிறகு அந்தப் பழைய குண்டா மொட்டை மாடிக்குப் போய்விட்டது. பறவைகளுக்கு அதில்தான் தினமும் தண்ணீர் வைக்கிறேன். அன்று காலை அதைக் கீழே எடுத்துவந்து, அம்மா தேய்ப்பது போல நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் கொதிக்கவைத்தேன், உள்ளே கருத்தது. அதிலேயே புளிக்குழம்பு கூட்டி, நல்லெண்ணெய் ஊற்றி, சுண்டக்காய் போட்டு வற்றவைத்தேன். அடி மின்னியது. மகள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பதறினாள்.

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா? அதுல போயா சமைக்கற?"

அன்றைக்குச் சொல்லிவிட்டேன். முதல் முறையாக, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை. அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துத் தாத்தாவின் படத்தைப் பார்த்தாள்.

"தாத்தா வேணும்னா பண்ணினாரு? அவரு மனசு என்ன பாடுபட்டிருக்கும், பாவம். செத்தவங்களைப் பத்தி இப்ப எதுக்கும்மா? அதுவும் டாக்டரே உறுதியாச் சொல்லலைங்கற. என்ன இருந்தாலும் அலுமினியம் நல்லதில்லைன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. எதுக்கு ரிஸ்க்கு?"

பாவம் என்ற வார்த்தை அவருக்குப் போய்விட்டது. அம்மாவுக்கு மிச்சமிருந்தது ரிஸ்க்கு.

அவள் சாப்பிடவில்லை. பாப்பா சாப்பிட்டாள், இன்னும் வேண்டுமென்று தட்டை நீட்டினாள். நான் சோற்றைக் குழம்பில் பிசைந்து இலையில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். மகளும் கூடவே வந்தாள். கைப்பிடிச் சுவர்மேல் இலையை வைத்துக் கூப்பிட்டேன். வெயில் கொளுத்தியது. ஒரு காக்கை வந்தது. இலைப் பக்கம் திரும்பவில்லை. தினமும் தண்ணீர்க் குண்டா இருக்கிற மூலைக்குத் தத்தித் தத்திப் போயிற்று. குண்டா நின்ற இடத்து வட்டக் கறையைக் கொத்திப் பார்த்தது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துத் தேடிவிட்டுப் பறந்து போய்விட்டது. அதற்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை.

"பாத்தியா?" என்றாள் என் மகள். "அந்தப் பாத்திரத்துல ஆக்குனதுன்னு காக்காகூடத் தொடலே."